கரடியின் வலது கை

கண்ணு,

முந்தாநாள் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெங்களூரில் உன் அறையில் மெத்தையை ஓரமாகத் தள்ளிவிட்டு உன் நண்பர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருவன் கரடி வேஷத்தில் நிற்கிறான். இன்னொருவன் தலையிலிருந்து முகம் வரை துண்டைச் சுற்றிக்கொண்டு, முதுகில் ஒரு சாக்கைச் சுமந்து வந்து கரடியின் முன்னால் இறக்கி வைக்கிறான். "சார், தொட்டுப் பாத்துட்டாவது வேண்டாம்னு சொல்லுங்க சார்" என்று மூக்கால் கெஞ்சுகிறான். கரடி சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுகிறது. பிறகு தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிறது. படம் பிடித்துக்கொண்டிருந்த நீ சிரித்த சிரிப்பில் செல்போனே குலுங்குகிறது. கல்யாண ரிசப்ஷனில் இதுதான் சர்ப்ரைஸ், நம்ம கோத்தகிரியில் எடுத்த படம்தான், பார்த்திருக்கிறீர்களா அப்பா என்று கீழே எழுதியிருந்தாய். அடுத்த நிமிடமே போன் செய்தாய். பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

பார்த்திருக்கிறேன் கண்ணு. அந்தக் கரடி நான்தான்.

இதைப் படித்ததும் நீ முதலில் சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டு மேலே படி. உன் நண்பர்களும் அந்தக் காட்சியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்பதால் அவர்களுக்கும் படித்துக் காட்டு. நாலு நாள்கூட ஓடாத ஒரு படத்தை இருபது வருஷத்துக்கு மேல் கழித்து யாரோ தோண்டி எடுத்து இன்டர்நெட்டில் போட்டு, அந்தக் கரடியைப் பனியனில் அச்சடித்து, ஆபீசில் லீவு கேட்பதற்குக்கூட "தொட்டுப் பாத்துட்டாவது" என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்திருக்கிறது. நீயும் மருமகளும் முதன்முதலில் பேசிக்கொண்டதே இந்தப் படத்தைப் பற்றித்தான் என்று உன் அம்மா சொன்னபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். எது இத்தனை நாள் புதைந்து கிடக்கிறது என்று நம்பினேனோ அது என் வீட்டுச் சம்பந்தத்துக்கே காரணமாகியிருக்கிறது.

அப்போது உனக்கு நாலு வயது. தேயிலை விழுந்த காலம் அது. பச்சை இலையின் விலை பாதாளத்துக்குப் போய், கொழுந்து கிள்ளுகிற கூலிக்குக்கூடக் கட்டாமல் பலபேர் தோட்டத்தை அப்படியே காடாக விட்டிருந்தார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபாக்டரியில் நான் டீ மேக்கராக இருந்தேன். சிறு விவசாயிகள் சாக்கில் கொண்டுவருகிற பச்சை இலையைப் பார்த்து எடுப்பதும், அதை டீத்தூளாக்குவதும் என் வேலை. இலையைப் பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பதல்ல. சாக்கை அவிழ்த்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை உள்ளே விட வேண்டும். நடுவில் இலை சூடேறியிருந்தால் வெந்து சிவந்துவிட்டது என்று அர்த்தம். குளிர்ச்சியாக இருந்தால் காலையில் கிள்ளிய நல்ல இலை. எந்தச் சாக்கையும் தொட்டுப் பார்க்காமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஊரில் நல்ல பெயர்.

அந்த நல்ல பெயரை எனக்கு முதலில் வாங்கிக் கொடுத்ததே உன் போஜன் மாமாதான். நீ தோளில் ஏறிச் சவாரி போன அதே போஜன் மாமா, ரவியின் அப்பா. இரண்டு இலை ஒரு மொட்டு, அதற்குமேல் ஒரு காம்புகூட அவர் சாக்கில் இருக்காது. மற்றவர்கள் கத்தரியால் வெட்டிக் குச்சியும் முற்றிய கரட்டு இலையுமாகக் கொண்டுவந்த காலத்திலும் அவரும் அவர் சம்சாரமும் கையால்தான் கிள்ளினார்கள். நான் மற்ற விவசாயிகளிடம் அவர் சாக்கைக் காட்டி, இலை என்றால் இது என்று சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் ஒல்லியான பையன், எந்நேரமும் அடுத்தவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருப்பார். தேயிலை விழுந்ததால் ஒரு குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்று அவர் எழுதி வந்த கதைக்குக் 'கசப்பு' என்று பெயர். கொழுந்து கிள்ளுகிற கைகளை மட்டும் ஏழு நிமிடம் பேச்சில்லாமல் காட்டப்போவதாக என்னிடம் சொன்னார். எனக்குப் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது. தயாரிப்பாளருக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை. இரண்டு பாட்டு வேண்டும் என்றார், வைத்தார்கள். சிரிப்பு வேண்டும் என்றார், வைத்தார்கள். கடைசியில், ஊட்டிப் பக்கம் போய்விட்டு ஒரு மிருகம்கூடக் காட்டாமல் வருவதா என்று கேட்டு ஒரு கரடி வேஷத்தை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அன்றைக்கு டைரக்டர் இலை உலர்த்துகிற ட்ரையர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் காலையில் கதையையே மாற்றிவிட்டார். நல்ல படம் எடுக்க மலைக்கு வந்த ஒருவனிடம் தயாரிப்பாளர் கரடியைச் சேர்க்கச் சொல்லி, அந்தக் கரடி கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தையே பிடித்துக்கொள்கிறது என்பதுதான் புதுக் கதை. கோபத்தில் எழுதியது. அதனால்தான் அதில் அத்தனை சிரிப்பு இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. படம் வெளியே வந்தபோது பெயர் 'குன்னூரில் குதூகலம்' என்று ஆகியிருந்தது. எடுத்தது முழுக்கக் கோத்தகிரியில்.

கரடி வேஷத்துக்கு வந்த ஆள் இரண்டாம் நாளே குளிர்ஜுரத்தில் படுத்துவிட்டான். அந்தத் தோல் என் உயரத்துக்குத்தான் சரியாக இருந்தது. எங்கள் முதலாளி, "நீங்களே போட்டுக்குங்க, ரெண்டு நாளுதானுங்களே" என்றார். ஃபாக்டரி ஓடி அவர் பார்க்கும் லாபத்தைவிட சினிமாக்காரர்கள் கொடுக்கும் வாடகை அவருக்கு இனித்தது. இலை இறக்குகிற முற்றத்தையும் ஒருநாள் முழுக்க ஷூட்டிங்குக்கு விட்டுவிட்டார். அன்றைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம், யாரும் இலை கிள்ள வேண்டாம் என்று முந்தின நாளே எல்லா விவசாயிகளுக்கும் லாரி டிரைவர் மூலம் சொல்லி அனுப்பச் சொன்னார். அது என் பொறுப்பு.

நான் சொல்லி அனுப்பவில்லை, கண்ணு. மறந்துவிட்டேன். மறந்த காரணத்தைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் முழுவதும் டைரக்டர் எனக்குக் கரடி நடை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதி மாதம் ஃபாக்டரி ஓடாமல், வருகிற ஒவ்வொருவருக்கும் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லிச் சொல்லி நொந்துபோயிருந்த எனக்கு, தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்து பத்துப் பேரைச் சிரிக்க வைத்தது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. லாரி என் கண்ணெதிரில்தான் கிளம்பிப் போனது. டிரைவர் கை காட்டினான். நான் கரடி மாதிரிக் கையை ஆட்டினேன்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே சாக்குகள் வந்து இறங்கின. காலையிலிருந்து கூச்சல் கேட்டது. மத்தியானத்துக்குள் ஒவ்வொருவராகத் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். போஜன் மட்டும் விறகு கொண்டுவரும் பின்வழியாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். தூறலுக்குத் தலையில் துண்டு சுற்றியிருந்தார். டீ மேக்கர் எங்கே என்று கேட்டவருக்கு யாரோ என்னைக் கை காட்டிவிட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் லட்சியம் செய்யவில்லை. நேராக என் முன்னால் வந்து சாக்கை இறக்கி, கயிற்றை அவிழ்த்தார். "சார், வெடியக் காத்தால ரெண்டு பேரும் கிள்ளுனது. தொட்டுப் பாத்துட்டாவது வேண்டாம்னு சொல்லுங்க சார்" என்றார். நீங்கள் பனியனில் போட்டிருக்கும் வார்த்தை அவருடையது. படத்தில் கேட்கிற மூக்குக் குரல் பிறகு சென்னையில் வேறு யாரோ பேசிச் சேர்த்தது. அவர் குரலில் மூக்கும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நியாயம் கேட்கிற குரல் அது.

கரடித் தலையை முதுகுப் பக்கம் கயிறு போட்டுத் தைத்திருப்பார்கள், நானாகக் கழற்ற முடியாது. ஆனால் எனக்கு வாய் இருந்தது. போஜா, தப்பு என்மேல்தான், நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்று உள்ளேயிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் என் வலது கை சாக்குக்குள் போனது. முழங்கை வரை விட்டேன். கம்பளி ரோமமும் ரெக்சினும் ஒட்டிய உறைக்குள் என் விரல்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சூடா, குளிர்ச்சியா, இலையா, வைக்கோலா, எதுவும் தெரியவில்லை. கையை வெளியே எடுத்தேன். தலையை ஆட்டினேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லியும் பிரயோஜனமில்லை. தலையை ஆட்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்கும், சோறு இறங்காது. முகம் மூடியிருந்த அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இத்தனை சுலபமா என்று எனக்கே திடுக்கென்றது. போஜன் என் கரடி முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாக்கைக் கவிழ்த்து இலை முழுவதையும் என் காலடியில் கொட்டினார். சாக்கை உதறி, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். இலை என் முழங்கால் வரை கிடந்தது. சுற்றி நின்ற சினிமாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் என் கயிற்றைப் பிரித்துவிட்டு, ஃபிலிம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ட்ரையர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். "அவர் நம்ம ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இதை இப்பவே அடுப்புல போட்டுடறேன். தயாரிப்பாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். தன் படத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனுஷன், முன்பின் தெரியாத ஒரு விவசாயியின் மானத்தை மட்டும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. நான் அவரிடம் என்ன கேட்டேன் தெரியுமா? "நான் நல்லாப் பண்ணேனுங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா வந்திருக்கு என்றார். "அப்பறமென்னங்க, வெச்சுக்குங்க" என்றேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தபோது நீ என் மடிக்கு வரவில்லை. அப்பா மேல் பூனை வாசம் அடிக்கிறது என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாய். இரண்டு தடவை குளித்தேன்.

படம் கோத்தகிரிக்கு வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கரடி யார் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை, ஷூட்டிங்கில் ஒத்தாசை செய்தேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அந்தக் காட்சி வந்ததும் கொட்டகையே அதிர்ந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், பக்கத்தில் இருப்பவர்கள் சந்தேகப்படக்கூடாதே என்று. உன் அம்மா சிரிக்கவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "சாக்குல கையை உட்ட மாதிரியிலயே தெரிஞ்சுதுங்க. அந்தாளு யாருங்க?" என்று கேட்டாள். சொன்னேன். மறுவாரம் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு தனியாகப் போஜன் குடியிருக்கும் ஹட்டிக்குப் போய், அவர் சம்சாரத்தோடு ஒரு பொழுது உட்கார்ந்துவிட்டு வந்தாள். போஜன் பாதித் தோட்டத்தைப் பிடுங்கிவிட்டு முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார் என்ற சேதியை அவள்தான் கொண்டுவந்தாள். இரண்டு வருஷம் போஜனும் நானும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஃபாக்டரியை மூடிவிட்டார்கள், நான் உரக்கடை வைத்தேன். கடை திறந்த அன்றைக்கு முதல் ஆளாக அவர் வந்து ஒரு மூட்டை வாங்கினார். அன்றிலிருந்து எல்லாம் பழையபடி. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் பேசாததை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகிப் போகிற மகனுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். உன் வேலையிலும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, மனசுக்குப் பிடிக்காத விளம்பரப் படங்களைச் செய்கிறேன் என்று போன தீபாவளிக்குச் சொல்லி வருத்தப்பட்டாய். விட்டுக்கொடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கிறவன் விட்டுக்கொடுக்கத்தான் செய்வான், அந்த டைரக்டரும் கொடுத்தார். ஆனால் ஒருவனுக்கு இல்லை என்று சொல்லும்போது அவனுக்கு உன் முகம் தெரிய வேண்டும். உனக்கு அது உறுத்த வேண்டும். உறுத்தாமல் போனால் பயப்படு. மருமகளிடமும் அப்படித்தான். எத்தனை சண்டை வந்தாலும் எதிரில் நின்று போடு.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையில் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போஜன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், காலை முகூர்த்தத்துக்கு வந்தால் போதும், தை மாசப் பனியில் சாயங்கால ரிசப்ஷனுக்கெல்லாம் சிரமப்பட வேண்டாம் என்று நைசாகச் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அப்படியே சொன்னேன். அவர் பத்திரிகையைப் படித்து முடித்து மடித்து வைத்தார். "ரிசப்ஷன்ல கரடி வருதாமுங்களே சார்" என்றார்.

நிகழ்ச்சிக்கு நிஜமான இலைச் சாக்கு வேண்டும் என்று நீ ரவியிடம் கேட்டிருக்கிறாய். ரவி அவன் அப்பாவிடம் கேட்டிருக்கிறான். எதற்கு என்று கேட்டவரிடம் அந்தக் காட்சியைப் போட்டும் காட்டியிருக்கிறான். துண்டு சுற்றியிருப்பது தன் அப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. போஜன் சொல்லவுமில்லை. அவர் அந்தப் படத்தை அப்போதே, மூன்றாம் நாள், தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். லாரியில் சொல்லி அனுப்ப மறந்தது, கரடி நடை, அடுப்புப் பக்கத்தில் நான் கேட்ட கேள்வி, எல்லாம். மறந்தது நான்தான் என்பது மட்டும் அவருக்குப் புதிது. அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சம்சாரம் வைத்த காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடை படிந்துவிட்டது. இத்தனை வருஷ சிநேகிதமும் இன்றோடு சரி என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு சாக்கு இருந்தது. பழசு, நாலாக மடித்தது. அதை என் பக்கத்தில் வைத்தார்.

"பசங்க ஆசைப்படறாங்க, செய்யட்டும். சாக்கு நான் தூக்கறேன். ஆனாக் கரடிக்குள்ள நீங்கதான் இருக்கோணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. நானூறு பேர் முன்னாலா என்று கேட்டேன். அவங்கதானே இத்தனை நாள் சிரிச்சாங்க என்றார். கீழ்த் தோட்டத்தில் பனியில் கருகாத கொழுந்து கொஞ்சம் இருக்கிறது, அன்று காலையில் அவரும் அவர் சம்சாரமும் கிள்ளிக் கொண்டுவருவார்களாம். அவர் முகத்தில் துண்டு இருக்காதாம். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். வேண்டாம்னா வேண்டாந்தான்" என்றார்.

இது மன்னிப்பா, தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு. உன் அம்மாவிடம் கேட்டேன், போய்ப் பாருங்கள் என்கிறாள். நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். உன் சிநேகிதர்களிடம் வேறு ஆட்டம் ஏதாவது பழகச் சொல். மருமகள் வீட்டாரிடம் முன்கூட்டியே இந்தக் கடிதத்தைக் கொடு, சிரிக்கிறவர்கள் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். அந்தக் கரடி வேஷத்தை ஊருக்கு எடுத்துக்கொண்டு வா. வருவதற்கு முன்னால் வலது கை உறையை மணிக்கட்டோடு வெட்டி எடுத்துவிடு.

அப்பா